கொல்லைக் குட்டைக்கு வரும் பறவைகள்: கேள்வி பதில்

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் வீட்டுக் கொல்லையில் 20 அடிக்கு 15 அடியில் ஒரு குட்டை இருக்கிறது. ஒரு கரையில் மூங்கில், மறுகரையில் வாழை. 11 ஆண்டுகளாகக் காலைக் காப்பியை அங்கே உட்கார்ந்துதான் குடிக்கிறேன். பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். கூண்டுப் பறவைகளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: அக்கா, மழை பிடித்த நாள் முதல் இரவெல்லாம் குட்டைப் பக்கம் யாரோ தொண்டையை நெரிப்பது போல ஒரு சத்தம். மாமியார் பேய் என்கிறார்.

கானாங்கோழி. சம்புக்கோழி என்றும் சொல்வார்கள். முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கருஞ்சாம்பல். குட்டை வாலை வெட்டி வெட்டி நடக்கும்போது அடியில் செங்காவி தெரியும். பகலில் ஆளைக் கண்டால் வேலிக்குள் ஓடிவிடும் கூச்சக்காரப் பறவை, இணைசேரும் பருவத்தில் மட்டும் ஊரைக் கூட்டும். இன்னும் சில வாரங்களில் கரித்துண்டுகள் போல நாலைந்து குஞ்சுகள் அதன் பின்னால் ஓடுவதைப் பார்ப்பீர்கள். அதுவரை கரையோரப் புல்லை வெட்டாதீர்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சேலத்திலிருந்து ஒரு மாடித்தோட்டக்காரர்: எங்கள் தெருவில் குளமே இல்லை. மீன்கொத்தி எதற்கு வருகிறது?

வெண்மார்பு மீன்கொத்தியாக இருக்கும். பெயரில்தான் மீன். பல்லி, ஓணான், வெட்டுக்கிளி, எலிக்குஞ்சு எல்லாம் தின்னும்.

தஞ்சாவூரிலிருந்து: சிமெண்ட் தொட்டியில் வண்ணமீன் வளர்க்கிறேன். மடையான் கொக்கு தினமும் வந்து பிடித்துவிடுகிறது. மேலே நைலான் வலை கட்டலாமா?

கட்டாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு வலையிலிருந்து ஒரே கோடையில் ஒரு மீன்கொத்தியையும் இரண்டு தண்ணீர்ப்பாம்புகளையும் கத்தரித்து எடுத்தேன். ஒரு பாம்புதான் பிழைத்தது. தொட்டிக்குள் உடைந்த மண்பானைகளைச் சாய்த்துப் போடுங்கள், அல்லி வையுங்கள், ஒளிய இடமிருந்தால் மீன் தன்னைக் காத்துக்கொள்ளும். மடையான் நின்று பிடிக்கும் பறவை. கால் ஊன்ற இடமில்லாத மூன்றடி ஆழத்தில் அதன் பாச்சா பலிக்காது. ஆனால் செங்குத்தான தொட்டிக்குள் அணிலோ பறவைக் குஞ்சோ விழுந்தால் ஏற வழி வேண்டும். ஒரு பலகையைச் சரிவாக வைத்துவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: நேற்று மாலை பல வண்ணக் குருவி ஒன்று கூடத்துக்குள் வந்து விழுந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வால் அடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. யாரோ வளர்த்ததா?

இல்லை. நீங்கள் கொடுத்துவைத்தவர். அது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. இலங்கை வரை போகும். பயணம் இரவில். களைத்து இறங்கும் இடத்தில் விளக்கு வெளிச்சம் குழப்பும், கண்ணாடி சன்னல் அடிக்கும். ஐப்பசியில் வீட்டுக்குள் வந்து விழுவது இதனால்தான்.

ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டான இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பிள்ளைகள் ஆளாளுக்குத் திறந்து பார்க்கவும் கூடாது. தெளிந்த பிறகு, பூனை இல்லாத புதர் ஓரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிழைத்தால் உங்கள் தோட்டத்துச் சருகுகளைக் கிளறிக்கொண்டு பங்குனி வரை தங்கினாலும் தங்கும். ஆகையால் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: மைனாக் குஞ்சு கீழே கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன். என்ன கொடுக்கலாம்?

இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறதா? அப்படியானால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். எடுத்த இடத்திலேயே ஒரு தாழ்ந்த கிளையில் விட்டுவிடுங்கள். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இறகில்லாத குஞ்சென்றால் கூட்டில் வையுங்கள். கூடு எட்டவில்லையென்றால் சிறு கூடை ஒன்றை அதே மரத்தில் கட்டி அதில் வையுங்கள்.

திருவாரூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: ஓடுமீன் ஓட, உறுமீன் வரும்வரை கொக்கு வாடி இருக்கும் என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். இப்போது என் வீட்டுக் குட்டையில் பார்த்தால் மடையான் தலைப்பிரட்டையைக்கூட விடுவதில்லை. நான் நடத்தியது பொய்யா அம்மா?

இந்தக் கேள்விக்காகத்தான் ஐயா இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

போன மாதம் ஒரு காலையில் 6.20 முதல் 7.05 வரை ஒரே மடையானைப் பார்த்து எழுதினேன். 9 முறை குத்தியது, 6 முறை சிக்கியது. ஒரு தவளை, தும்பியின் இளம்புழுக்கள் இரண்டு, விரல்நகம் அளவு மீன்கள் மூன்று. பெரிய மீன் ஒன்றுகூட இல்லை. அதே குட்டையில் கையளவு கெண்டை இருக்கிறது, அதன் கால் பக்கமாகவே போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. விழுங்க முடியாததைப் பிடித்து அது என்ன செய்யும்?

ஆனால் பாட்டில் பாதி அப்பட்டமான உண்மை. ஓடும் மீனை அது துரத்துவதில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தோள் குறுகி, காய்ச்சல்காரன் போல நிற்கும். ‘வாடி’ என்ற சொல்லைப் போட்டவர் கரையில் உட்கார்ந்து பார்த்தவர்தான்.

சீர்காழியிலிருந்து மீன்பண்ணைக்காரர்: நீங்கள் சொல்வது தவறு. என் பண்ணையில் பொடி மீனை விட்டுவிட்டுப் பெரிய மீனைத்தான் எடுக்கிறது. நான் நட்டப்பட்டவன்.

எந்தப் பறவை? பெரிய வெள்ளைக் கொக்கா, சாம்பல் நாரையா, முழங்கால் உயர மடையானா? சாம்பல் நாரை நல்ல பெரிய மீனையே விழுங்கும். நான் சொன்னது மடையானை. மீன் காணாமல் போவது இரவில் என்றால் இராக்கொக்கைச் சந்தேகியுங்கள். ‘குவாக்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு இருட்டில் பறக்கும். பகல் கொள்ளைக்கு நீர்க்காகம் இருக்கிறது, முங்கிப் பிடிக்கும்.

மதுரையிலிருந்து: முன்னோர் பாட்டைத் திருத்த நீங்கள் யார்? கொக்கு பொறுமைக்கு உவமை. அவ்வளவுதான்.

திருத்தவில்லை. எண்ணிப் பார்த்தேன். நீங்களும் எண்ணலாம்.

அதே தமிழாசிரியர்: சண்டை வேண்டாம். ‘உறு’ என்பதை உரிச்சொல்லாகக் கொண்டு பெரிய மீன் என்றே நடத்திவந்தோம். வினைத்தொகையாகக் கொண்டால் உறும் மீன், அதாவது கிட்ட வந்து சேரும் மீன் என்றும் ஆகுமே?

ஐயா! இலக்கணம் என் துறையில்லை, ஏற்கலாமா கூடாதா என்பதைப் புலவர்கள் சொல்லட்டும். ஆனால் குட்டையில் நடப்பது அதுதான். அலகுக்கு எட்டும் தூரத்துக்குள் எது வருகிறதோ அதுதான் அதன் மீன். ஓர் அடி தள்ளி எது போனாலும் அசையாது.

மதுரைக்காரர் மறுபடி: உரைகாரர்களுக்குத் தெரியாததா?

உரைகாரர்களைக் கேளுங்கள். அடுத்த கேள்வி.

திருச்சியிலிருந்து: மடையானுக்குப் ‘குருட்டுக் கொக்கு’ என்று பெயராயிற்றே, உண்மையில் கண் தெரியாதா?

தண்ணீருக்குள் தும்பிப் புழுவைக் குறிபார்த்துக் கொத்தும் பறவைக்கா கண் தெரியாது? பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதால் வந்த பெயர். பழுப்புக் கோடுகள் சேற்றோடு சேர்ந்துவிடும், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பி நிற்கும். காலடியில் நாம் வந்ததும் சட்டென்று வெள்ளை இறக்கை விரித்துப் போகும். இணைசேரும் காலத்தில் முதுகு அரக்குச் சிவப்பாகி, பின்தலையில் வெள்ளைத் தூவி நீளும். வேறு பறவை என்று என்னிடமே மூன்று பேர் வாதாடியிருக்கிறார்கள்.

கரூரிலிருந்து: செம்போத்து வலமிருந்து இடம் போனால் நல்லதா?

அது உங்கள் வாழைத்தோட்டத்து நத்தைகளைத் தின்னும். எந்தப் பக்கம் போனாலும் நல்லது.

வேலூரிலிருந்து: குட்டை வெட்டினால் கொசு வராதா? கம்பூசியா மீன் விடச் சொல்கிறார்கள்.

கம்பூசியா வெளிநாட்டு மீன், தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தீர்த்துவிடும். தலையில் வெள்ளைப் புள்ளி மின்னும் நம்மூர் முண்டக்கண்ணி மீன் வாய்க்காலிலேயே கிடைக்கும். இருபது போதும்.

புதுக்கோட்டையிலிருந்து: குருவிக் குஞ்சு கீழே கிடந்தது...

மேலே நாகப்பட்டினத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: கிளிக்குஞ்சு விழுந்து கிடந்தது. வளர்க்கலாமா?

நாகப்பட்டினம். வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஈரோட்டிலிருந்து: தேன்சிட்டு கார் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது.

எதிரி என்று நினைக்கிறது. கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: பொடிக் கண் வலை என்றால் பரவாயில்லையா?

வலை வேண்டாம். பொடிக் கண்ணும் வேண்டாம், பெரிய கண்ணும் வேண்டாம்.

மதுரைக்காரர்: இன்று காலை கண்மாய்க்குப் போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மடையான் 14 முறை குத்தியது.

என்ன பிடித்தது என்று எழுதவில்லையே?

மதுரைக்காரர்: தூரத்திலிருந்து தெரியவில்லை. நாளைக்குப் பைனாகுலரோடு போகிறேன்.