விபத்துக்கு ஒரு ரசிகர்

கேள்வி: நான் ராக் அண்ட் ரோல் பாடகர் ரிச்சி வேலன்ஸின் தீவிர ரசிகன். ஒவ்வொரு பிப்ரவரி 3-ம் தேதியும் அவர் பாட்டைத் தவிர வேறெதையும் கேட்க மாட்டேன். 1959-ல் விழுந்து நொறுங்கிய அந்த விமானத்தில் ஏறாமல் இருந்திருந்தால் எல்விஸையே ஓரங்கட்டியிருப்பார் அல்லவா? அவர் பெயரை ஏன் எப்போதும் அதே விபத்தில் இறந்த பாடகர் பட்டி ஹாலிக்கு அடுத்ததாகவே சொல்கிறார்கள்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அப்போது இருவரும் சேர்ந்து போய்க்கொண்டிருந்த இசைச் சுற்றுப்பயணத்தின் முக்கிய நட்சத்திரம் ஹாலி. விமானத்தை வாடகைக்குப் பிடித்தவரும் அவர்தான். வேலன்ஸின் முதல் ரெக்கார்டே 1958-ல்தான் வந்தது. இதில் சதி ஒன்றும் இல்லை.

எல்விஸ் விஷயம். 17 வயதில் போய்விட்ட பையனை வைத்து 'இருந்திருந்தால்' கணக்குப் போட்டால் நமக்குப் பிடித்த விடைதான் வரும். தவிர, ஏன் எல்விஸ்? வேலன்ஸ் வளர்ந்த கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் அவருக்கு இருந்த பட்டப்பெயர் இன்னொரு ராக் பாடகரான லிட்டில் ரிச்சர்டை வைத்துத்தான்.

என் சந்தேகம் வேறு. நீங்கள் பாட்டுக்கு ரசிகரா, விபத்துக்கு ரசிகரா? உங்கள் கடிதத்தில் (நீளம் கருதி வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்) ஹாலியின் கிதார் கலைஞர் டாமி ஆல்சப்புடன் வேலன்ஸ் பூவா தலையா போட்டு விமானத்தில் இடம் பிடித்தது, வேலன்ஸுக்கிருந்த விமானப் பயம், விபத்து நடந்த அயோவாவின் பனி எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. கிதாரைப் பற்றி ஒரு வரி இல்லை.

'லா பாம்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கம் கல்யாணங்களில் ஆடிப் பாடும் பழைய நாட்டுப்பாட்டு அது. அதற்கு எலெக்ட்ரிக் கிதாரும் ராக் தாளமும் கொடுத்தவருக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது; வரிகளை உருப்போட்டுத்தான் பாடினார். வேலன்சுவேலா என்ற குடும்பப் பெயரோடு போனால் ரேடியோவில் எடுபடாது என்று அவர் ரெக்கார்டுகளை வெளியிட்ட டெல்-ஃபை கம்பெனியின் பாப் கீன் அதை வேலன்ஸ் என்று நறுக்கியிருந்தார். சரி, பையன் என்ன செய்தார்? பெயரில் மறைத்ததைப் பாட்டில் ஊரறியச் சொல்லிவிட்டார். அதுவும் 'டோனா' ரெக்கார்டின் மறுபக்கத்தில். பள்ளித் தோழிக்காக எழுதிய 'டோனா' அமெரிக்கப் பட்டியலில் 2-ம் இடம் வரை போனது. 'லா பாம்பா' 22-க்கு மேல் ஏறவில்லை. 1987-ல் அவர் வாழ்க்கை சினிமாவானபோது லாஸ் லோபோஸ் குழு அதே பாட்டைப் பாடி முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. சுமார் எட்டே மாதத் தொழில்வாழ்க்கையில் ஒருவர் செய்த காரியம் இது. இதை விட்டுவிட்டு நாணயம் எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

அடுத்த பிப்ரவரிக்குக் காத்திராமல், பக்கோய்மாவில் தான் படித்த பள்ளியில் அவர் நடத்திய கச்சேரிப் பதிவைத் தேடிக் கேளுங்கள். 1960-ல் வெளிவந்தது. ஒலித்தரம் சுமார்தான். ஆனால் அங்கே கூச்சல் போடும் பிள்ளைகளுக்கு விமானம், பனி, நாணயம் எதுவும் தெரியாது; அவர்கள் பாட்டை மட்டும்தான் கேட்கிறார்கள்.