கீழ்ப்படிதலுக்கும் எல்லை உண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் பத்தாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. இருவரும் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். பாலியல் தொல்லையிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குத் தனிமனிதப் பாதுகாப்பு வகுப்பு நடத்தப்போவதாகவும், அதற்கு முன் பெற்றோர் கூட்டத்துக்கு வரவேண்டும் என்றும் பள்ளியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட என் கணவருக்கு இஷ்டமில்லை. 'இதெல்லாம் வீட்டு விஷயம்' என்கிறார். பெரியவர்களுக்குக் கீழ்ப்படியவேண்டும், ஃபாதரையும் சிஸ்டரையும் மதிக்கவேண்டும் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். இனி எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட மாட்டார்களா? விசுவாசம் போய்விடாதா? பையனுக்கும் இது தேவையா? போன் எந்த வயதில் கொடுக்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். பையனுக்கும் கட்டாயம் வேண்டும். 'ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது' என்று கேட்டு வளர்ந்த பையன், ஏதாவது ஆகிவிட்டால் யாரிடமும் வாய் திறக்கமாட்டான். போன் விஷயம் தனியாக எழுதவேண்டியது, இப்போது விட்டுவிடுகிறேன்.

'கீழ்ப்படியவேண்டும் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போகமுடியவில்லை. கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கீழ்ப்படியச் சொல்லிக்கொடுத்தீர்கள், சரி. எப்போது கீழ்ப்படியக்கூடாது என்று ஒருநாளாவது சொன்னீர்களா?

'பிதாவையும் மாதாவையும் சங்கித்திருப்பாயாக', அதாவது தாய் தந்தையை மதித்து நட, என்ற கட்டளையைத்தானே எல்லாரும் எடுத்துக்காட்டுகிறோம்? அதே கட்டளைக்கு 1992-இல் வந்த 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' என்ற போதனை நூல் தரும் விளக்கத்தில் 2217-ஆம் எண்ணைப் படியுங்கள். ஆசிரியர்களும், பெற்றோர் யாரிடம் பிள்ளையை ஒப்படைத்தார்களோ அவர்களும் சொல்லும் நியாயமான சொல்லுக்குப் பிள்ளை பணியவேண்டும் என்கிறது. ஒரு கட்டளைக்குப் பணிவது பாவம் என்று மனசாட்சிக்கு உறுதியாகத் தெரிந்தால் பணியக்கூடாது என்றும் அங்கேயே சொல்கிறது. முதல் பாதியை வீட்டிலும் மறைக்கல்வி வகுப்பிலும் ஆயிரம் தடவை சொல்கிறோம். இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறோம். அதைச் சொன்னால் போய்விடும் விசுவாசம் என்ன விசுவாசம்?

எல்லையில்லாத கீழ்ப்படிதல் யாருக்கு வசதி என்று பாருங்கள். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர் பெரும்பாலும் தெரிந்தவர், வீட்டார் மதிப்பவர். எடுத்த எடுப்பில் தொடமாட்டார். பாடற்குழுப் பயிற்சி முடிந்ததும், 'நீ மட்டும் இரு, உன் குரலுக்குத் தனியாகச் சொல்லித்தருகிறேன்' என்பார். அடுத்து ஒரு ஹெட்போன் பரிசாக வரும். குழுவுக்கு வந்துகொண்டிருந்த செய்தி தனிச்செய்தியாகும். இரவு பதினொரு மணிக்கு வரும், படித்ததும் அழிந்துவிடும். 'உன் வீட்டில் உன்னைப் புரிந்துகொள்ளமாட்டார்கள்' என்பார். பிறகு ஒரு சின்ன விதியை மீறவிடுவார். சொல்லாமல் வெளியே கூட்டிப்போவார், அல்லது ஒரு வாய் பீர் கொடுப்பார். பிள்ளைக்கு அது சலுகையாகத் தெரியும். உண்மையில் அது பிடி. அவர் எல்லை மீறும் அன்று, 'நானும்தானே தப்புப் பண்ணினேன்' என்ற எண்ணம்தான் பிள்ளைக்கு முதலில் வரும்.

ஆகவே ஆளைச் சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நடத்தையைக் கவனிக்கச் சொல்லிக்கொடுங்கள். தனிமை, பரிசு, ரகசியம் மூன்றும் சேர்ந்து வந்தால் வீட்டுக்குத் தெரியவேண்டும். பெரியவர் ஒருவர் 'அம்மாவிடம் சொல்லாதே' என்றால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லவேண்டும். பிறந்தநாள் பரிசு மாதிரியான ரகசியத்துக்கு உடையும் தேதி உண்டு, இதற்குக் கிடையாது. ஃபாதர், சிஸ்டர், மாமா, பயிற்சியாளர், பெரிய வகுப்பு அண்ணன் எல்லாருக்கும் இதே விதிதான். நல்ல குருவானவருக்கு இதில் வருத்தம் வராது.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. குற்றவுணர்வில் அவர்கள் முதலில் போவது பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்குக்கு. அடுத்தவர் செய்த குற்றத்தைத் தன் பாவமாக அறிக்கையிடுவார்கள். திருச்சபைச் சட்டம் 983-இன்படி, அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் குருவானவர் வெளியே சொல்லமுடியாது. ஆகவே அது புகார் ஆகாது. 'அங்கே சொல்லியாகிவிட்டது' என்று பிள்ளை நினைத்திருக்கும், உதவிக்கு யாரும் வரமாட்டார்கள். வெளியே, நேரில், ஒரு பெரியவரிடம் மறுபடி சொல்லவேண்டும் என்று வகுப்பில் சொல்கிறார்களா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். பாடத்தைப் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டுவார்களா? வகுப்பில் பெரியவர்கள் இருவர் இருப்பார்களா? பெயரில்லாமல் கேள்வி எழுதிப் போடப் பெட்டி உண்டா? வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வைக்கவே கூடாது. வகுப்பு முடிந்த பிறகுதான் பிள்ளைகள் பேச வருவார்கள், அப்போது ஆசிரியர்கள் அங்கே இருக்கவேண்டும். 'வேண்டாம் என்று கத்து' என்பதோடு நிறுத்தினால் பாதி வகுப்புதான். பயத்தில் உடல் உறைந்துபோகும், குரல் வராது. அப்படி ஆனாலும் தப்பு பிள்ளையுடையது அல்ல என்று சொல்லாவிட்டால், கத்தமுடியாத பிள்ளை ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொள்ளும்.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். வீட்டு விஷயம் என்கிறாரே, வீட்டில் பேசியிருக்கிறாரா? பாலியல் கல்வி வீட்டிலும் பள்ளியிலும் பெற்றோரின் கவனத்தில் நடக்கவேண்டும் என்று 1981-இலேயே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதிவிட்டார். அது கூட்டத்துக்குப் போவதற்கான காரணம், போகாமல் இருக்க அல்ல. இருவருமே போங்கள்.

பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால் முதல் ஐந்து நிமிடம்தான் முக்கியம். 'ஏன் அப்பவே சொல்லலை', 'நீ ஏன் அங்கே போனே' இரண்டும் வாயிலிருந்து வரக்கூடாது. போனைப் பிடுங்கவும் கூடாது. பிடுங்கினால் அடுத்த தடவை உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. 'சொன்னது நல்லதாப் போச்சு. உன்னை நம்புறேன். உன்மேல தப்பே இல்லை. இனி என்ன செய்யறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.' இதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள், அந்த நேரத்தில் தானாக வராது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

துருவித் துருவிக் கேட்கவேண்டாம். பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில், தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள். அந்தரங்கப் படம் இருந்தால் சாட்சிக்கு என்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள், போனோடு காவல்துறையிடம் காட்டுங்கள். உடலுக்கு ஏதாவது நடந்திருந்தால் துணியைத் துவைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் நீங்களே போய்க் கேட்டால் அவர் ஆதாரத்தை அழித்துவிடுவார்.

தலைமையாசிரியரிடம் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். காவல்துறைக்குச் சொல்லுங்கள். குருவானவரோ துறவியோ என்றால் மறைமாவட்டத்துக்கும், அதாவது ஆயரின் அலுவலகத்துக்கும், எழுத்தில் கொடுங்கள். 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும், வெளியே பேசாதீர்கள்' என்று யாராவது சொன்னால், திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் கொண்டுவந்து 2023-இல் நிரந்தரமாக்கிய 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்ற திருச்சபைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டுங்கள். புகார் கொடுத்தவரை வாய்மூடச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை என்று அதில் இருக்கிறது.