கை அடிக்கடி கழுத்துக்கே போகிறது

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு வயது 39. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். மாங்காய் சீசனில் மாங்கூழ் ஆலை வேலை, மற்ற நாட்களில் வீட்டிலேயே தையல். கணவர் லாரி டிரைவர், பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பார். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காதான், "என்னம்மா, கழுத்துல வீங்கின மாதிரி இருக்கு?" என்று கேட்டார். கண்ணாடியில் பார்த்தால் தொண்டைக்குழிக்கு மேலே, வலது பக்கம், சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்தார். "தைராய்டு கட்டி மாதிரி தெரியுது, பயப்பட ஒண்ணும் இல்ல, எதுக்கும் பெரிய டாக்டர் பார்த்துடட்டும்" என்று டவுனுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே அடுத்த மாதம்தான் தேதி கிடைத்தது.

ஒன்றும் இல்லை என்றால் பெரிய டாக்டர் எதற்கு? என் பெரியம்மா கழுத்தில் கட்டி வந்துதான் புற்றுநோயில் போனார். வெற்றிலை, புகையிலை போடுவார், முதலில் வாயில் ஆறாத புண், அப்புறம் கட்டி. ராத்திரி எல்லாம் போனில் தேடிப் படிக்கிறேன். கை அடிக்கடி கழுத்துக்கே போகிறது. எச்சில் விழுங்கினால் தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கிறது. சோறு சாப்பிடும்போது மட்டும் தெரிவதில்லை. அக்கா சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடச் சொல்கிறார். ஊசி குத்திப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்றும் சொல்கிறார். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிற மனிதர், பதறிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு சகோதரி

அன்புத் தங்கைக்கு,

பெரியம்மாவின் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். உங்கள் ராத்திரித் தேடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. புகையிலைப் பழக்கம், வாயில் ஆறாத புண், அதன் பிறகு கழுத்தில் கட்டி என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் கழுத்து நெறிக்கட்டிகளுக்கு வரும். உங்களுக்கு டாக்டரம்மா எச்சில் விழுங்கச் சொன்னதற்குக் காரணம் வேறு. தைராய்டில் உள்ள கட்டி, விழுங்கும்போது கூடவே மேலே ஏறி இறங்கும். தைராய்டு கட்டிகளில் 100-க்கு 90-க்கு மேல் புற்றுநோய் அல்லாதவை. மீதியிலும் பெரும்பாலானவை நன்றாகக் குணமாகிற வகைதான். உங்களுடையது எது என்று நான் சொல்ல முடியாது. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் சொல்லும். கையால் தொட்டுப் பார்த்து எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது என்பதால்தான் மேலே அனுப்புகிறார்கள். அதில் ஒளித்து வைத்த செய்தி எதுவும் இல்லை.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்கிற ஊசியைவிட மெல்லியது, சில நிமிட வேலை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால் நோய் பரவும் என்பது ஊர்ப் பேச்சு. அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள்தான் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும். அக்காவிடம் சண்டை போட வேண்டியதில்லை, "டாக்டர் எதுவும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று என் பேரில் ஒரு பொய் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, கைக்கு வருவோம். 2016-ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று பாதிக்குப் பாதி நின்றபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில். விடை கிடைக்காத மனசு, விரலை அனுப்பி விடை தேடுகிறது. ஆனால் விரலுக்கு மில்லிமீட்டர் தெரியாது. அழுத்த அழுத்த அந்த இடம் நோகும். நொந்ததும் "வளர்ந்துவிட்டதோ" என்று அடுத்த பயம் வரும், மறுபடி கை போகும். ஆகவே தொடுவதை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கை எழுந்தால் அதட்ட வேண்டாம், ஊசியில் நூல் கோக்கவோ பாவாடை நாடா போடவோ கொடுத்துவிடுங்கள்.

கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கலாம். சாயங்காலம் தையலை மூடியதும் 20 நிமிடம், அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மனதில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று தள்ளுங்கள். முதல் சில நாள் கேலியாகத்தான் இருக்கும். எழுதியதில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை தனியே பிரிந்து நிற்கும்; அந்தப் பக்கத்தையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். ராத்திரி போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். தாங்க முடியாத ராத்திரியில் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

தொண்டை அடைப்பு எச்சில் விழுங்கும்போது வருகிறது, சோறு சாப்பிடும்போது இல்லை என்கிறீர்கள். பதற்றத்தில் இது மிகவும் சகஜம். ஆனால் சோறே சிக்க ஆரம்பித்தாலோ, குரல் கரகரப்பாகி அப்படியே நீடித்தாலோ, கட்டி சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி பெருத்தாலோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள், உடனே போய்ப் புறநோயாளிப் பிரிவில் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் 108.

கணவரிடம் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது சொல்ல வேண்டாம், அது சரிதான். லோடு இறக்கி வீடு வந்த அன்று, சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். மகளுக்கும் "கழுத்தில் ஒரு கட்டி, டாக்டரிடம் காட்டப் போகிறேன்" என்ற அளவுக்குச் சொல்லலாம். நீங்கள் கண்ணாடி முன் நிற்பதை அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாள். தேதியன்று ஒரு லோடை விட்டுவிட்டுக் கூட வரலாமா என்பதைக் கணவரே முடிவு செய்யட்டும், அவருக்காக நீங்களே "வேண்டாம்" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.