9 மாதத்தில் 'மின்சார விமான' டிப்ளோமா: பணம் கட்டலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தான். இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாள். மோட்டார் டிரைவ், இன்வேர்ட்டர் எல்லாம் கழற்றிப் பழுது பார்ப்பான். கொழும்பு ஏஜென்சிக்காரர் ஒருவர் 'மின்சார விமானத்துக்கான பவர் எலக்ட்ரோனிக்ஸ்' என்று 9 மாத டிப்ளோமா இருக்கிறது, 12 இலட்சம் ரூபாய், முடித்தால் ஐரோப்பாவில் வேலை நிச்சயம் என்கிறார். பதிவுக்கு 25,000 கொடுத்துவிட்டோம். மிச்சத்தை மனைவிக்கு வந்த சேமலாப நிதியில் கட்டலாமா? இப்படி ஒரு துறை உண்மையிலேயே இருக்கிறதா?

பதில்: கட்டாதீர்கள். துறை இருக்கிறது, வளர்ந்தும் வருகிறது. ஏஜென்சிக்காரர் சொன்னதில் அந்த ஒரு துண்டு உண்மையாக இருப்பதால்தான் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது.

வழக்கமான விமானங்களில் பயணிகள் அறைக்கு வேண்டிய காற்றை என்ஜினிலிருந்தே சூடாகப் பிடித்து எடுப்பார்கள். 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இல் அந்த வேலையை மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரெசர்களிடம் கொடுத்தார்கள். இறக்கையில் பனி உறையாமல் சூடாக்குவதும் சக்கர பிரேக்கும்கூட மின்சாரத்துக்கு மாறின. இதற்காக இரண்டு என்ஜின்களிலும் சேர்த்து நான்கு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 250 கேவிஏ. என்ஜின் வேகத்தோடு சேர்ந்து அந்த மின்சாரத்தின் அலைவெண் 360 முதல் 800 ஹேர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். அந்த மின்சாரத்தை டீசியாக மாற்றி, மோட்டாருக்கு வேண்டிய அளவில் திரும்ப ஏசியாக வெட்டிக் கொடுக்கிற பெட்டியைத்தான் பவர் எலக்ட்ரோனிக்ஸ் என்கிறோம். கொழுந்து வாட்டும் காற்றாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவும் உள்ளே அதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் மகன் அதைக் கழற்றிப் பூட்டுகிறவன் என்றால் அடிப்படை அவன் கையில் இருக்கிறது.

உயரம் போகப்போகத்தான் வித்தியாசம். பல டிரைவ்களின் கையேட்டில், 1,000 மீற்றருக்கு மேல் சுமையைக் குறை என்று எழுதியிருக்கும். 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் குளிர் இருந்தும், காற்று மெலிந்திருப்பதால் அது சூட்டை எடுத்துப்போவது குறைவு. 40,000 அடியிலோ காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய காற்றில் மின் தீப்பொறி தாவுவது எளிது. விண்வெளிக் கதிர்களால் வரும் துகள்கள் உயர்வோல்ட் சிப்பை எரித்துவிடவும் கூடும். இதற்கெல்லாம் வழி கண்டு, சோதித்து, சான்றிதழ் எடுப்பது பட்டதாரிப் பொறியியலாளர்கள் வருடக்கணக்கில் செய்கிற வேலை. முழுக்க பற்றரியில் பறக்கும் விமானத்துக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை முதன்முதலில் வகைச் சான்றிதழ் (அந்த மாதிரி பறக்கத் தகுந்தது என்ற ஒப்புதல்) கொடுத்தது 2020இல்தான். அதுவும் இரண்டு பேர் உட்காரும் பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோவுக்கு. மின்சார விமானத்தில் வேலை காத்திருக்கிறது என்று சொல்பவரிடம், எந்த விமானத்தில் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

சரி, விமானத்தைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட யாருக்கு உரிமை? பார்ட் 66 என்ற விமானப் பராமரிப்பு விதிப்படி லைசன்ஸ் உள்ளவருக்கு. இலத்திரனியல் பக்கத்துக்கு அது பி2. டிப்ளோமா அதற்கு ஈடாகாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. தரகர்கள் வளைத்துப் பிடிப்பது அதைத்தான், ஆகவே பொறுமையாக வாசியுங்கள். ஐரோப்பிய விதிப்படி பி2 கேட்பவர் பரீட்சைகளோடு, சேவையில் உள்ள விமானங்களில் 5 வருடப் பராமரிப்பு அனுபவமும் காட்ட வேண்டும். பார்ட் 147 (பயிற்சி நிலையங்களுக்கான விதி) அங்கீகாரம் உள்ள நிலையத்தில் முழு அடிப்படைப் பயிற்சியை முடித்திருந்தால் 2 வருடம் போதும். அப்படி ஒரு நிலையத்துக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரத்தில் எந்த வகைப் பயிற்சி, எந்த இடத்தில் என்று எழுதியிருக்கும். என்ஜின், இயந்திரப் பக்கத்துக்கான பி1க்கு மட்டும் வாங்கியவர் பி2 நடத்த முடியாது. வெளிநாட்டு நிலையத்தோடு 'இணைந்தது' என்று பலகை மாட்டியதால், கொழும்பில் வகுப்பு நடக்கிற மாடி அதில் சேர்ந்துவிடாது. பி2 முழுப் பயிற்சி 2,400 மணித்தியாலம். நாளுக்கு 6 மணித்தியாலம் என்றால் 400 வகுப்பு நாள். ஞாயிறும் போயாவும் பார்க்காமல் நடத்தினாலும் 9 மாதத்தில் 270 நாள்தான் வரும். அப்புறம் அந்த 2 வருட அனுபவத்துக்கு விமானம் எங்கே? இலங்கையில் இந்த லைசன்ஸ் விடயங்களுக்குப் பொறுப்பு சிவில் விமான சேவை அதிகார சபை. ஏஜென்சியின் அங்கீகார இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அங்கே எழுதிக் கேளுங்கள். இலக்கம் தர மறுத்தால் விசாரணை அத்தோடு முடிந்தது.

'அரசாங்கத்தில் பதிவு செய்த நிறுவனம்' என்பதிலும் மயங்காதீர்கள். கம்பனிப் பதிவு யாருக்கும் கிடைக்கும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனத்தைப் பதிவது ஒன்று, பாடநெறிக்குத் தர அங்கீகாரம் வாங்குவது இன்னொன்று. வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கோ வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தனியாக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு தோட்டத்துத் தகப்பன் தனியாக அலைந்து விசாரிக்க வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. பொறியியல் பீடம் பேராதனையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்குள் போக உயர்தரத்தில் இணைந்த கணிதம் வேண்டும். அதைத் தமிழில் கற்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலை நம் தோட்டப் பக்கம் எத்தனை? பிள்ளைக்கு அந்தக் கதவைத் திறக்காமல் விட்டுவிட்டு, வழிகாட்டல் கருத்தரங்கு நடத்தி என்ன பயன்? தரகர் கடை விரிப்பது அந்த இடைவெளியில்தான்.

உங்கள் மகனுக்கு வேறு வழி உண்டு. விமானத்தில் பழுதான மின்பெட்டியை அங்கேயே திறக்க மாட்டார்கள். கழற்றி, அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு அனுப்புவார்கள். அந்தப் பட்டறை வேலைக்கு ஐரோப்பிய விதியில் பார்ட் 66 கட்டாயமில்லை. எலக்ட்ரோனிக்ஸ் கைத்திறனும், ஆங்கிலக் கையேட்டை வரி பிசகாமல் பின்பற்றும் பழக்கமும் வேண்டும். இப்போது செய்யும் வேலையை வைத்தே, முன்கற்றல் அங்கீகாரம் மூலம் என்.வி.க்யூ. (தேசிய தொழில் தகைமை) 3 அல்லது 4ஆம் மட்டம் எடுக்கட்டும். பிறகு 5, 6 டிப்ளோமா. அதற்கு மேல் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டமே இருக்கிறது. கூடவே ஆங்கிலத்துக்கு ஒரு நல்ல வகுப்பு.

கொடுத்த 25,000ஐ திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் வங்கிச் சீட்டு, தொலைபேசிச் செய்தி எதுவானாலும் அழிக்காதீர்கள். பணம் வராவிட்டால் பொலிஸில் முறையிடும்போது அவை வேண்டும். பிறப்புச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழ், கடவுச்சீட்டு இவற்றின் மூலப்பிரதியை ஏஜென்சியில் கொடுத்திருந்தால், காசைக் கேட்பதற்கு முன் நேரில் போய் அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். காசுப் பேச்சை முதலில் எடுத்தால் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.