கைப்பையில் எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: உணவகத்தில் மாலை நேர வேலை முடிந்து, சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கிற்கு நள்ளிரவு நெருங்கும் வேளையில் தனியாக நடந்து வருகிறேன். ஒரே ஆள் இரண்டு முறை பின்னால் வந்தார். அண்ணன் சிறு கத்தியும் மிளகாய்த்தூளும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். தோழி வெளிநாட்டிலிருந்து பெப்பர் ஸ்பிரே (கண்ணில் அடித்தால் எரியும் தெளிப்பான்) வாங்கி வருவதாகச் சொல்கிறாள். எது நல்லது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, மூன்றுமே வேண்டாம். பெப்பர் ஸ்பிரேயை உரிமமின்றி வைத்திருப்பதும் கொண்டுவருவதும் சிங்கப்பூரில் குற்றம் என்பதால் தோழியை இப்போதே தடுத்துவிடுங்கள். சட்டபூர்வமான காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படலாம். தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்பதை அத்தகைய காரணமாக ஏற்பார்கள் என்று நம்பியிருக்காதீர்கள். (பெண்களுக்குப் பிரம்படி கிடையாது, உங்கள் அண்ணனுக்கு அந்தச் சலுகை இல்லை.) மிளகாய்த்தூளோ காற்று திரும்பினால் உங்கள் கண்ணிலேயே விழும், தாக்கும் எண்ணத்தோடு சுமந்ததாகவும் கேள்வி எழும்.

ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பொருள்களே போதும், ஆனால் அவற்றை அடிப்பதற்கு அல்ல, இடைவெளி உண்டாக்கவும் சத்தம் எழுப்பவும் பயன்படுத்த வேண்டும். நீளக் குடையை ஓங்கி வீசினால் எதிராளி அதைப் பிடித்து இழுத்துவிடுவான். இரு கைகளாலும் குறுக்காகப் பிடித்து அவன் மார்பில் தள்ளிவிட்டு ஓடுவதே பயன் தரும். கைப்பையை முன்பக்கம் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே கேடயமாக வையுங்கள், ஆனால் அவன் குறி பைதான் என்றால் அதை விட்டுவிடுங்கள். விரலிடுக்கில் சாவியை வைத்துக் குத்தச் சொல்லும் யோசனை பலரால் பகிரப்படுகிறது. அப்படிக் குத்தினால் முதலில் காயப்படுவது நம் விரல்களே. சாவியின் உண்மையான பயன் வேறு: மின்தூக்கியில் ஏறுமுன்பே அதைக் கையில் எடுத்துக்கொண்டால், வீட்டு வாசலில் பையைத் துழாவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காசு செலவழிப்பதானால், இழுத்தால் அலறும் சிறிய அபாய ஒலிக் கருவியை வாங்கி, பைக்குள் புதைக்காமல் வாரிலேயே மாட்டிவிடுங்கள். அடுக்குமாடிகள் சூழ்ந்த நம் பேட்டைகளில் நள்ளிரவில் அந்த ஒலி பல சன்னல்களைத் திறக்கவைக்கும்.

தண்டனைச் சட்டத் தொகுப்பு உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தாலும், தேவைக்கு மேல் காயம் விளைவிக்க அது இடந்தருவதில்லை. அவன் திரும்பி ஓடத் தொடங்கிய பின் குடையால் ஓர் அடி போட்டால், அது தற்காப்பு என்ற கணக்கில் சேராது. ஆபத்து வந்தால் 999ஐ அழையுங்கள், பேச இயலாவிட்டால் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த ஆள்தான். அவர் வந்த நாள், நேரம், நடந்த வழி, உடுப்பு ஆகியவற்றை இன்றே எழுதிவைத்து, அருகிலுள்ள அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் மின்தூக்கி முகப்பிலும் உள்ள காவல்துறைக் கேமராப் பதிவுகளைப் பார்க்க அந்த விவரங்கள் உதவும். ஒருவரை விடாது பின்தொடர்வது 2014ஆம் ஆண்டின் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம், அவர் யாரென்று தெரிந்தால் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும் கேட்க முடியும். அதுவரை, மின்தூக்கியில் அவர் உங்களோடு நுழைந்தால் கூச்சப்படாமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.