வாகனம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் ஓடிய ஜெர்மானிய சொகுசு கார் ஒன்றை, புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கு வாங்கினேன். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால், முன்பக்க இடது மூலை தாழ்ந்து கிடக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸர் பழுது என்று பட்டறையில் இருமுறை மாற்றிவிட்டார்கள்; சில மாதங்களில் மீண்டும் அதே நிலை. யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல் இருக்கிறது. இன்ஷூரன்ஸில் ஏதேனும் கிடைக்குமா? வண்டியை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கம்ப்ரஸர்கள் தாமாகப் பழுதாகவில்லை என்றே நினைக்கிறேன். இவ்வகைக் கார்களில் இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பைகளே வண்டியின் எடையைத் தாங்குகின்றன. வயதாக ஆக, ரப்பர் மடியும் இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, இரவு முழுவதும் காற்று கசிகிறது. சிறிது நேரம் ஓடி ஓய்வெடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட கம்ப்ரஸர், அந்த இழப்பை ஈடுகட்ட ஓயாமல் ஓடிச் சூடேறிக் கருகிவிடுகிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால், மூன்றாவதும் இதே வழியில்தான் போகும்.

கசிவைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரவில் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், அந்தப் பையையோ அதற்குச் செல்லும் குழாயின் இணைப்பையோ முதலில் சந்தேகிக்கலாம்; பல மூலைகள் சேர்ந்து இறங்கினால், பைகளுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கையும் பார்க்க வேண்டும். பிறகு அந்த இடங்களில் சோப்பு நீரைத் தெளித்தால், பெரும்பாலும் குமிழிகளே காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் புதிய கம்ப்ரஸரும் நிற்காமல் ஓடும்.

வழக்கமான வாகன இன்ஷூரன்ஸ் பாலிசி, தேய்மானத்தையும் இயந்திர, மின் பழுதுகளையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருப்பதால், அங்கே எதிர்பார்க்க ஒன்றுமில்லை. பட்டறையின் நிலை வேறு. காரணத்தைத் தேடாமல் ஒரே பாகத்துக்கு இருமுறை பணம் வாங்கியிருப்பது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. பில்களையும் ஸ்கேன் அறிக்கையையும் இணைத்து முதலில் எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அதற்கான காலவரம்பு 2 ஆண்டுகள்.

சுருள்வில்லுக்கு மாற்றிவிட்டால் செலவு குறையும் என்று சிலர் சொல்வார்கள். காற்றுப் பைகள் தரும் மிதப்பான பயணத்துக்காகத்தானே இந்தக் காரை வாங்கினீர்கள்? எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் கார் சிறிய காரின் விலைக்கு இறங்கிவிட்டாலும், அதன் உதிரிபாகங்கள் அப்படி இறங்குவதில்லை. எனவே கியர்பாக்ஸ், எண்ணெய்க் கசிவு, கூலன்ட் குழாய்கள் அனைத்தையும் வேறொரு பட்டறையில் சோதித்து மொத்த மதிப்பீடு வாங்குங்கள். அது காரின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தாண்டினால், விற்றுவிடுவதே நல்லது. அப்போதும் இந்தக் கசிவை மட்டும் சரிசெய்துவிட்டே விற்பனைக்கு வையுங்கள். சாய்ந்து நிற்கும் வண்டிக்கு, பழுதுச் செலவைவிட அதிகமாகவே விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.