பி.எஃப் இங்கே, வேலை அங்கே: வாசகர் கேள்விகள்

கே: கோவையில் பம்ப் கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர். ரெண்டு வருஷத்துக்கு ஜெர்மனி அனுப்பறாங்க. பி.எஃப் ரெண்டு பக்கமும் பிடிப்பாங்களா? கவரேஜ் சர்டிபிகேட் இருந்தா ஆஸ்பத்திரிச் செலவும் அதுல வந்துருமுங்களா? (பீளமேடு)

ப: கவரேஜ் சர்டிபிகேட் என்பது 'இவருக்கு இந்தியாவிலேயே பி.எஃப் பிடிக்கிறோம்' என்று நம் பி.எஃப் அலுவலகம் (இ.பி.எஃப்.ஓ) தரும் சான்று. அது இருந்தால் இங்கே மட்டும்தான் பிடிப்பார்கள். 48 மாதம் வரை ஜெர்மன் பென்ஷன் சந்தாவும் வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவும் கட்ட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டை அது தொடாது. இந்தியா-ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியே இல்லை. ஹெச்.ஆர் "எல்லாம் கவர் ஆகும்" என்றால் நம்பாதீர்கள். தனியாக பாலிசி எடுங்கள், விசாவுக்கே கேட்பார்கள். இ.பி.எஃப்.ஓ தளத்தில் விண்ணப்பித்து, கிளம்பும் முன்பே சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிவிடுங்கள்.

கே: ஐரோப்பாவுல எல்லாத் தகவலும் கம்ப்யூட்டர்லயே போயிருதாமே? நம்ம விவரமும் போகுமுங்களா? (திருப்பூர்)

ப: போகாது. பென்ஷன், காப்பீட்டு அலுவலகங்கள் நாடு விட்டு நாடு தகவல் அனுப்பும் அந்தக் கம்ப்யூட்டர் அமைப்புக்கு 'ஈஸி' (EESSI) என்று பெயர், அதில் 32 நாடுகள். இந்தியா அதில் இல்லை. அங்கேயும் அலுவலகமும் அலுவலகமும்தான் பேசிக்கொள்ளும், நீங்கள் லாகின் செய்ய முடியாது.

அதனால் உங்கள் ரெக்கார்டைச் சரியாக வைத்திருப்பது உங்கள் வேலை. நம் ஊர்க்காரர்களுக்கு வில்லங்கம் இனிஷியலில் இருக்கிறது. ஆதாரில் 'பூபதி கே', பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் 'குப்புசாமி' என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் பென்ஷன் எண்ணில் 12 இடங்கள்: முதல் இரண்டு அலுவலகக் குறியீடு, அடுத்த ஆறு பிறந்த தேதி, ஒன்பதாவது இடத்தில் பிறப்புக் குடும்பப்பெயரின் முதல் எழுத்து. குப்புசாமி என்றால் 'கே', பூபதியையே குடும்பப்பெயராக எழுதிவிட்டால் 'பி', எண்ணே மாறிவிடும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி பாஸ்போர்ட்டில் வேறாக இருந்தாலும் இதே கதைதான். கிளம்பும் முன் ஆதார், பி.எஃப், பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 1.10.2017-க்குப் பின் வந்த, ஆதாரில் சரிபார்த்த யு.ஏ.என் (பி.எஃப் உறுப்பினர் எண்) என்றால் பெயர், பிறந்த தேதித் திருத்தத்தை நீங்களே ஆன்லைனில் செய்யலாம்.

கே: ம்யூனிக்கில் வேலை, அங்கத்த இன்சூரன்ஸ் கார்டு இருக்கு. சுவிட்சர்லாந்து சுத்திப் பார்க்கப் போறோம். கார்டு செல்லுமுங்களா? (ஈரோடு)

ப: கார்டின் பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவ அட்டை. இத்தாலி, ஆஸ்திரியாவில் அரசு மருத்துவ அமைப்பில் இருக்கும் டாக்டரிடம் அவசர சிகிச்சைக்குச் செல்லும். ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்தில் செல்லாது. பயணக் காப்பீடு எடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

கே: 38 மாசம் ஜெர்மனியில் கட்டின பென்ஷன் பணத்தைத் திருப்பி வாங்கலாமா? (நாமக்கல்)

ப: வாங்கலாம், 60 மாதத்துக்குக் குறைவுதானே. கடைசிச் சந்தாவுக்குப் பின் 24 மாதம் கழிய வேண்டும். உங்கள் பங்கு மட்டும் கிடைக்கும். முதலாளி கட்டிய பாதி போச்சு. வாங்கிவிட்டால் அந்த 38 மாதமும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். இங்கே பென்ஷன் திட்டத்தில் 22 மாதமாவது சேவை இருந்தால், இரண்டையும் கூட்டி 60 மாதத் தகுதி காட்டலாம். 1964-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 67 வயதில் 38 மாதத்துக்கான பென்ஷன் வரும். கடன் கழுத்தை நெரிக்காவிட்டால் எடுக்க வேண்டாம் என்பேன்.

கே: துபாய்க்கும் இந்த சர்டிபிகேட் உண்டுங்களா? (கரூர்)

ப: இல்லை. வளைகுடா நாடுகளோடு நமக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது.